400 ரூபாய் வைப்பரைக் காட்டி 5,80,000 ரூபாயைக் கொண்டுபோனார்கள்: பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

வண்டி இப்போது பழனியில் மெக்கானிக் பாய் ஷெட்டில் நிற்கிறது. இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக் கழற்றி லேத்துக்கு அனுப்பியாகிவிட்டது. நான்கு பிஸ்டனும் ஒரு பழைய பெயின்ட் டப்பாவில் டீசலில் ஊறிக்கொண்டிருக்கின்றன. வாங்கி இன்றோடு முப்பத்தொன்பது நாள். ஓட்டியது பதினோரு நாள். கொடுத்தது 5,80,000 ரூபாய்.

கோபத்தில்தான் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய டீசல் பிக்கப் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டிய பதினைந்து விஷயங்களைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். பேரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் சொல்கிறான், வரட்டும் என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. செல்போன் ஆப் வழியாகப் பழைய வண்டி விற்கிற கம்பெனி. பைபாஸ் ஓரம் பெரிய யார்டு, உள்ளே ஏசி ரூம், காபி மிஷின். அவ்வளவு போதும். வண்டியைத் தயாரித்தவர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதே மாடல் எங்கள் லைனில் பத்துப் பேர் வைத்திருக்கிறார்கள், நன்றாகவே ஓடுகிறது.

நான் ஆறு வருஷமாக முக்கால் டன் சின்ன வண்டி வைத்து கொடைக்கானல் மேல்மலைக்கு லோடு அடித்துக்கொண்டிருந்தேன். போகும்போது அரிசி, மளிகை. வரும்போது கேரட், பூண்டு. சின்ன வண்டியில் வந்தது டீசலுக்கும் கூலிக்கும்தான் கட்டுபடியானது. அதை 1,90,000க்கு விற்றேன். மூன்று லட்சம் சீட்டை 42,000 தள்ளி ஏலம் எடுத்ததில் 2,58,000 வந்தது. மீதி 1,32,000க்கு வீட்டுக்காரியின் நகை கூட்டுறவு பேங்கில் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள், சரியாக 5,80,000.

ஆப்பில் போட்டிருந்தது இதுதான்: 2021 மாடல், ஒன்றரை டன் டீசல் பிக்கப், பிஎஸ்6, ஒரே ஓனர், 68,400 கிலோமீட்டர், 200 இடங்களில் சோதித்தது. பார்த்த இடமெல்லாம் பச்சை டிக். எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததுமே பாதி மனசு போய்விட்டது.

பாயைக் கூட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில் விசேஷம். "அடுத்த வாரம் போலாம் தம்பி" என்றார். ஆப்பில் "இந்த வண்டியை 14 பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று சிவப்பில் எழுதி வந்தது. அடுத்த வாரம் வரை யார் பொறுப்பார்கள்?

யார்டில் ஒரு பையன் வந்தான். கம்பெனி சட்டை, கையில் டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை. இருபத்தைந்து வயசுகூட இருக்காது. வண்டி கழுவிப் பளபளவென்று நின்றது. இன்ஜின் சூடாக இருந்தது. "உங்களுக்காகத்தான் அண்ணா முன்னாடி கொண்டுவந்து நிறுத்தினோம்" என்றான். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். ஆறி நிற்கிற டீசல் இன்ஜின்தான் உண்மை பேசும், சூடான இன்ஜின் எல்லாருக்கும் நல்லவன் மாதிரித்தான் ஸ்டார்ட் ஆகும் என்பது ஆறு வருஷம் வண்டி ஓட்டிய எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? கண்ணாடிப் பக்கம் போனான், வைப்பரைத் தூக்கினான், ரப்பரை விரலால் தடவிக் காட்டினான். "அண்ணா, இது போயிருச்சு. நானே சொல்லிடுறேன். 400 ரூபாய் விலையில கழிச்சிருக்கோம், பாருங்க" என்று டேப்லெட்டில் காட்டினான். அங்கே மட்டும் ஒரு மஞ்சள் குறி.

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். நான் கேட்காத குறையைத் தானே சொல்கிற பையன் பெரிய குறையை மறைப்பானா என்று தோன்றியது. அதற்குப் பிறகு நான் எதையும் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொல்வதும் பொய் இல்லை, பார்த்ததையெல்லாம் அவனுக்குச் சாதகமாகவே பார்த்தேன். பிரேக், கிளட்ச் பெடலில் புது ரப்பர். நன்றாக வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். 68,000 ஓடிய வண்டிக்குப் பெடல் ரப்பர் ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. பாடித் தகர இடுக்கில் சிமென்ட் கெட்டியாக உறைந்திருந்தது. ஏதோ ஒரு தடவை வீட்டு வேலைக்கு ஏற்றியிருப்பார்கள் என்று நானே அவனுக்குச் சமாதானம் சொன்னேன். வண்டியைத் தாங்குகிற அடிச்சட்டம், சேஸிஸ், முழுக்கக் கறுப்பாகப் புதுப் பூச்சு. துரு பிடிக்காமல் இருக்க என்றான், தலையாட்டினேன்.

போனுக்கு ஒரு ஓடிபி வந்தது. சொன்னேன். அதுதான் என் கையெழுத்தாம். பன்னிரண்டு பக்க ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பக்கத்தில் "மீட்டர் அளவுக்கு நிறுவனம் உறுதி அளிக்கவில்லை" என்று எறும்பு எழுத்தில் இருந்ததைப் பிறகு பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

பதினோராம் நாள். 48 சிப்பம் அரிசி, ஒன்றேகால் டன்கூட இல்லை, ஒன்றரை டன் வண்டிக்கு அது பாரமே கிடையாது. பழனியிலிருந்து கொடைக்கானல் ரோடு ஏறுகிறேன். சவரிக்காடு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டாம் கியருக்கு மாற்றினேன், வண்டி இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரைத் தரையோடு மிதித்தாலும் அதே உறுமல்தான். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் வந்த பஸ்ஸையே காணோம், அவ்வளவு நீலப் புகை. அரிசியை வேறு வண்டிக்கு மாற்ற, வண்டியைக் கட்டி இழுத்துக் கீழே கொண்டுவர, அது ஒரு தனிச் செலவு. 9,500.

பாய் முதலில் எந்தக் கருவியையும் எடுக்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகித் திறந்து, அதே ஓட்டை மேல் மூடியைக் கவிழ்த்து வைத்தார். மூடி கொதிக்கிற சோற்றுப் பானைத் தட்டு மாதிரி ஆடியது. பிறகு எகிறிக் கீழே விழுந்தது. "பிஸ்டன் ரிங்கு போயிருச்சு தம்பி. கம்ப்ரஷன் எல்லாம் கீழ இறங்குது" என்றார். ஆயில் குச்சியை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். ஆயில் நூல் மாதிரி இழுபட்டது. சத்தமும் புகையும் தெரியாமல் இருக்கக் கெட்டியான ஏதோ ஒன்றைக் கலந்து ஊற்றியிருக்கிறார்கள். விற்கிற வரை தாங்கினால் போதுமே!

அப்புறம் நான்கு காலித் தண்ணீர் பாட்டிலை வரிசையாகக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சுகிற ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் ஒவ்வொரு பாட்டிலில் விட்டார். ஓடவிட்டதும் மூன்றாவது பாட்டில் மட்டும் கடகடவென்று ஏறியது. மற்ற மூன்றும் அடியைத் தொடும் முன்பே அது பாதி. அந்த இன்ஜெக்டர் உள்ளே தேய்ந்து, சிலிண்டருக்குப் போக வேண்டிய டீசலைத் திருப்பி அனுப்புகிறது. 200 இடம் சோதித்தவர்களுக்கு நான்கு காலி பாட்டில் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கடைசியில் வண்டிக்கு அடியில் படுத்துப் புகைக் குழாயை ஸ்பேனரால் தட்டினார். காலித் தகரம் மாதிரி கேட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்கிற புகை விதி வந்த பிறகு இந்த வண்டிகளில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி உண்டு, புகையில் வருகிற கரியைப் பிடித்து வைக்கும். சேர்ந்த கரியை வண்டியே அவ்வப்போது எரித்துக்கொள்ள வேண்டும், அதற்கு 600 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். ரோட்டில் ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூடு நிற்கும். ஊருக்குள் கல்லும் சிமென்டும் ஏற்றிக்கொண்டு நின்று நின்று போகிற வண்டியில் எரிப்பது பாதியில் அறுந்துவிடும். எரிப்பதற்காக விட்ட டீசல் ஆயிலில் இறங்கும், ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்கும் ரிங்கும் தேயும். டிபிஎஃப் விளக்கு எரிந்ததும் சரியாகச் செய்ய வேண்டியது சர்வீஸ். இந்த வண்டிக்குச் செய்தது, குழாயை அறுத்து உள்ளே இருந்ததை நோண்டி எறிந்துவிட்டு, மறுபடி வெல்டு வைத்து, வண்டியின் கம்ப்யூட்டரில் அந்த விளக்கு எரியாமல் மாற்றி எழுதியது. அறிக்கையில் "புகைக் குழாய்" என்ற வரியில் பச்சை டிக்.

சேஸிஸ் கறுப்புப் பூச்சைச் சுரண்டினால், கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் விரிசலுக்கு வைத்த வெல்டு. ஒன்றரை டன் வண்டியில் மூன்று டன் ஹாலோ பிளாக் ஏற்றினால் அந்த இடம்தான் முதலில் பிளக்கும்.

"கிலோமீட்டர் டீசல் இன்ஜினைக் கொல்லாது தம்பி, ஆயிலும் பாரமும்தான் கொல்லும்" என்பார் பாய். பத்தாயிரத்துக்கு ஒருமுறை ஆயில், டீசல் ஃபில்டரில் தேங்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை வடிப்பது, மலை ஏறி நின்றதும் சாவியைத் திருப்பாமல் இரண்டு நிமிஷம் சும்மா ஓடவிட்டு டர்போவை ஆறவிடுவது, இவ்வளவுதான் அவர் கணக்கு. இதைச் செய்து மூன்று லட்சம் தாண்டிய பிக்கப் அவர் ஷெட்டுக்கே வருகிறது, கிளட்ச் மாற்ற. என்னுடையதில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

மறுநாள் ஆர்சியையும் விற்பனைக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு அந்த மாடலின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வண்டி நம்பரைத் தட்டினார்கள். கடைசியாக வந்தது ஒன்றரை வருஷத்துக்கு முன்னால். அன்றைக்கே மீட்டர் 1,71,300.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. 68,400ஐ நாலு வருஷத்துக்குப் பங்கு போட்டால் நாளைக்கு 47 கிலோமீட்டர். எந்த லோடு வண்டிக்காரன் நாளைக்கு 47 கிலோமீட்டர் ஓட்டி டியூ கட்டுகிறான்? இந்தக் கணக்கை யார்டில் நின்றபடியே போட்டிருக்கலாம். வைப்பர் ரப்பரில் 400 மிச்சம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனி அவர்கள் பேச்சைக் கேளுங்கள். முதல் போனில் ஒரு பெண்: "உங்க ஃபீலிங்ஸ் எனக்குப் புரியுது சார், டிக்கெட் போட்டிருக்கேன், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க." கூப்பிடவில்லை. இரண்டாவது ஆள்: "கமர்ஷியல் வண்டிக்கு வாரண்டி கிடையாது சார்." மூன்றாவது ஆள்: "நாங்க வித்தவங்க இல்ல சார், நாங்க நடுவுல இருக்கிற பிளாட்ஃபார்ம். நீங்க பழைய ஓனர்கிட்ட பேசணும்." பழைய ஓனர் நம்பர் கொடுங்கள் என்றால் அது தனிப்பட்ட தகவலாம், கொடுக்கக் கூடாதாம். நான்கு புகார் டிக்கெட் போட்டார்கள். நான்கையும் "வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள முடியவில்லை" என்று மூடினார்கள். போனை நான் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கினேன் ஐயா! அந்தப் பையன் எண்ணுக்கு அனுப்பிய வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் ஒரு டிக் விழுந்தது, பிறகு படமும் காணாமல் போனது. நேரில் போனேன். காபி கொடுத்தார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார், மூன்றரை மணி நேரம். கடைசியில் பெரிய மனசு பண்ணி 5,000 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்றார்கள், அடுத்த வண்டி வாங்கும்போது கழித்துக்கொள்ளலாமாம். 5,80,000 கொடுத்தவனுக்கு 5,000.

மேனேஜர் இன்னொன்றும் சொன்னார்: "தொழிலுக்கு வாங்கியிருக்கீங்க, நீங்க நுகர்வோரே கிடையாது." இது பொய். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காக மட்டுமே வாங்கியிருந்தால் அது வணிக நோக்கமாகக் கணக்கில் வராது என்று இருக்கிறது. நானே ஓட்டுகிறேன், டிரைவர் கிடையாது, வேறு வண்டி கிடையாது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு தயாராகிறது. ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் 200 ரூபாய்தான். நடக்கட்டும் பார்ப்போம். அதுவரை இன்ஜின் வேலைக்கு 1,45,000 என்று பாய் தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார், டிபிஎஃப் கணக்கில் சேராமல். அது இல்லாமல் அடுத்த எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, என்ன செய்யப் போகிறேன் என்று இன்னும் யோசிக்கவே இல்லை.

சரி, பதினைந்து விஷயம் என்றேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்குப் போய் நில்லுங்கள், இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வாருங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே விற்கிறவரைக் கூட்டிக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போய்ப் பழைய மீட்டர் கணக்கைக் கேளுங்கள், வர மாட்டேன் என்றால் அதுவே பதில். அரசின் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டு எஃப்சி, லோன், அபராதம் மூன்றையும் பாருங்கள். ஆயில் மூடியைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். உங்கள் மெக்கானிக்குக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து அழைத்துப் போங்கள், அவர் வீட்டில் விசேஷம் என்றால் விசேஷம் முடியட்டும். படிக்காமல் ஓடிபி சொல்லாதீர்கள்.

மீதியை அப்புறம் எழுதுகிறேன். ஹெட் லேத்திலிருந்து வந்துவிட்டதாம், அதிலும் விரிசல் என்று பாய் போன் செய்கிறார்.