ஹேமர் ஸ்பிரிங்கா, ரெகுலேட்டரா: பி.சி.பி. ட்யூனிங்கில் முதலில் எதைத் தொடுவது?

டெல்லியில் புதிதாக பி.சி.பி. ஏர் ரைபிள் (உயர் அழுத்தக் காற்றை முன்கூட்டியே நிரப்பிச் சுடும் துப்பாக்கி) வாங்கும் நம்ம பசங்க பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள்: "அண்ணா, ரெகுலேட்டரை ஏத்திவிட்டா வேகம் கூடும்ல?" ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து, வால்வுக்கு ஒரே அளவில் அனுப்பும் பாகம். அதை ஏற்றினால் வேகம் கூடலாம். குறையவும் செய்யலாம்!

காரணம் வால்வில் இருக்கிறது. உள்ளே இருக்கும் காற்றுதான் வால்வை அழுத்தி மூடி வைத்திருக்கிறது. ஸ்பிரிங் தள்ளும் சுத்தியலான ஹேமர் போய் மோதினால்தான் அது திறக்கும். அழுத்தத்தை ஏற்றிவிட்டு ஹேமரை அப்படியே விட்டால், புயல்காற்றுக்கு எதிரே கதவைத் தள்ளுகிற கதைதான்: கொஞ்சமாகத் திறந்து படாரென்று மூடிக்கொள்ளும், பெல்லட் (சிறு குண்டு) மெதுவாகப் போகும். ஆக, ரெகுலேட்டரைத் தொட்டவர் கடைசியில் ஹேமருக்கு வந்துதான் ஆக வேண்டும். ஹேமரிலேயே தொடங்கிவிடலாமே.

பல மாடல்களில் ஹேமர் ஸ்பிரிங்கின் திருகு வெளியிலிருந்தே எட்டும். ஆலன் கீ ஒன்று, பெல்லட்டின் வேகத்தை அளக்கும் குரோனோகிராஃப் ஒன்று, ஒரே டின் பெல்லட் போதும். கால் சுற்று இறுக்குங்கள், ஐந்து ஷாட் போடுங்கள், சராசரியை எழுதுங்கள். வேகம் ஏறிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றுவிடும். அதற்கு மேல் இறுக்கினால் காற்றுதான் வீண். உச்சம் நொடிக்கு 240 மீட்டர் என்றால், 230 பக்கம் வரும்வரை திருகைத் தளர்த்துங்கள். காற்று மிச்சமாகும், ஷாட்டுக்கு ஷாட் வேறுபாடும் குறையும். பிடிக்கவில்லையா, திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்விடலாம்.

ரெகுலேட்டரில் இந்தச் சலுகை கிடையாது. துப்பாக்கியின் காற்றை முழுக்க வெளியேற்றாமல் எதையும் கழற்றக் கூடாது. உள்ளே குழிவான வாஷர்களின் அடுக்கு, ஓ-ரிங்குகள். ஒரு தூசி உட்கார்ந்தால் கசிவு. சாதாரண மெஷின் ஆயில் தடவுவது ஆபத்து, உயர் அழுத்தக் காற்றில் அது பற்றிக்கொள்ளும், சிலிக்கோன் கிரீஸ்தான். சற்று நேரம் சும்மா வைத்துவிட்டுச் சுடும் முதல் ஷாட் மட்டும் வேகமாகப் போகிறதா? ரெகுலேட்டரில் அழுத்தம் மெல்ல ஏறுகிறது என்று அர்த்தம். அப்போது அதைத் திறக்க நியாயம் உண்டு, அதுவும் பக்கத்தில் விவரம் தெரிந்தவர் இருந்தால்.

ரெகுலேட்டரே இல்லாத மாடல் என்றால் ஹேமர் ஒன்றுதான் கதி. அதில் டெல்லி வெயிலையும் கணக்கில் வையுங்கள். 40 டிகிரியில் 200 பார் காட்டும் சிலிண்டர், ஜனவரி விடியலின் 5 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய 178தான் காட்டும். மே மாதத்து அளவுகளை ஜனவரியில் நம்பாதீர்கள்.

எதைத் திருகினாலும் சட்டத்தின் கோடு இது: 4.5 மி.மீ.க்கு மேல் குழல் துளை, அல்லது 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் என்றால் லைசென்ஸ் வேண்டும்.

துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் 10 மீட்டர் போட்டிக்குப் பழகுபவர்களுக்கு என் பதில் வேறு: இரண்டையும் தொடாதீர்கள். மேட்ச் ரைபிள் ஏற்கெனவே நொடிக்கு 170 மீட்டர் அளவில் ட்யூன் ஆகித்தான் வருகிறது. அங்கே 'பத்து' என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. ட்யூனிங்குக்குச் செலவழிக்கும் பணத்தில் 4.49, 4.50, 4.51 மி.மீ. தலையளவுள்ள பெல்லட் டின்களை வாங்கி, ரைபிளைக் கிளாம்பில் பூட்டி, ஒவ்வொன்றிலும் பத்து ஷாட் போட்டு, பத்தும் சேர்ந்து விழும் ஓட்டை எதில் சிறிதாக இருக்கிறதென்று பாருங்கள். பொருந்திய டின்னின் லாட் எண்ணை (தயாரிப்புத் தொகுதி எண்) குறித்துக்கொண்டு, அதே லாட்டில் சீசனுக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிடுங்கள்.