காரைக்குடி பைண்டிங் கடை: தீசிஸுக்கு நாலு மார்க், லேப் நோட்டுக்கு ஐந்து

தீசிஸ் (ஆய்வேடு) பைண்டிங்குக்கு ஊரில் எந்தக் கடை நல்லது என்று என் மாணவர்களும் பக்கத்துத் துறை மாணவர்களும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் பதில் போட்டு அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். கடை கல்லூரிச் சாலைப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது. பெயர் போடட்டுமா என்று கேட்டேன். மார்ச் மாதம் இருக்கிற கூட்டத்தையே சமாளிக்க முடியவில்லை, புண்ணியமாகப் போகும் விட்டுவிடுங்கள் என்றார் கடைக்காரர், அதனால் போடவில்லை. பேரேட்டுக்காரர் கடை என்று கேட்டால் காட்டுவார்கள். நான் வேதியியல் ஆசிரியை, ஆராய்ச்சி மின்வேதியியலில். எந்தக் கல்லூரி என்பது இங்கே தேவையில்லை, இந்த வட்டாரத்தில் கல்லூரிக்கா பஞ்சம்.

அவருடைய தாத்தாவும் அப்பாவும் செட்டியார் வீடுகளுக்குப் பேரேடு, குறிப்பேடு என்று கணக்குப் புத்தகங்கள் கட்டிக்கொடுத்தவர்கள். கணக்கு முடித்து ஐந்தொகை எடுக்கிற அன்று புத்தகம் கையோடு பிரிந்து வந்தால் கட்டியவனை விடுவார்களா? அந்தப் பயத்தில் வந்த தையல் இன்னும் இந்தக் கடையில் இருக்கிறது. மற்ற பல இடங்களில் தாள்களை அடுக்கி முதுகில் பசை தடவி அட்டையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கும்போது பளபளவென்று இருக்கும், வைவா என்ற வாய்மொழித் தேர்வில் எக்ஸாமினர் நடுப்பக்கத்தை விரித்து உள்ளங்கையால் அழுத்தினால் முதுகு பிளந்துவிடும். இங்கே இடது ஓரத்தில் ஓட்டை போட்டு நூலால் தைத்து, காடாத்துணி ஒட்டி, அப்புறம்தான் அட்டை ஏற்றுகிறார்கள். ஒன்றரை அங்குலம் மார்ஜின் விடாமல் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போனால் அவர் வேலையையே வாங்க மாட்டார், வரியின் முதல் எழுத்து தையலுக்குள் போய்விடும் என்று திருப்பி அனுப்பிவிடுவார். கோபப்படாதீர்கள், அவர் சொல்வது சரி.

உழைக்குமா என்பதற்கு என்னிடமே சாட்சி இருக்கிறது. நான் பிஎச்.டி. செய்த காலத்தில் வெளிநாட்டு ஜர்னலை இணையத்தில் திறந்து படிக்கிற வசதி இல்லை. இங்குள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான செக்ரியின் நூலகத்துக்குப் போய்த் தேடிப் பிரதி எடுப்போம், அங்கும் கிடைக்காவிட்டால் கட்டுரை எழுதியவருக்கே ரீபிரிண்ட் கேட்டு அஞ்சலட்டை போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்போம். அப்படிச் சேர்ந்த ஜெராக்ஸ் தாள்களை இந்தக் கடையில்தான் தொகுதி தொகுதியாகக் கட்டினேன். இன்றைக்கும் ஒரு தாள் கழன்றதில்லை. இப்போது ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கியபிறகு அரசு நிறுவனங்களில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கான ஜர்னல்கள் திறந்து கிடக்கின்றன. நல்ல விஷயம்தான், ஆனால் டவுன்லோடு செய்த கட்டுரையை எத்தனை பேர் கடைசிப் பக்கம் வரை படிக்கிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

பசையைக் கடையிலேயே காய்ச்சுகிறார்கள், மைதாவும் மயில்துத்தமும். மயில்துத்தம் நம் லேபில் நீலமாக இருக்கும் அதே காப்பர் சல்பேட்தான், பூஞ்சையும் பூச்சியும் அண்டாது. வேதியியல்காரி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, தாமிர அயனி செல்லுலோஸின் ஆக்சிஜனேற்றத்தை ஊக்குவிக்கும், அளவு கூடினால் நாளாவட்டத்தில் தாள் பழுத்து நொறுங்கும் என்று எடுத்துச் சொன்னேன். “ஒரு சட்டிக்கு ஒரு சிட்டிகைதான் மேடம், அதுவும் அட்டைக்கு மட்டும், தாளில் படவிட மாட்டேன்” என்றார். மேற்கொண்டு சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அட்டை ரெக்ஸின். அதில் மின்னும் தங்க எழுத்தில் தங்கம் கிடையாது, மெல்லிய பாலியஸ்டர் படலத்தில் வெற்றிடத்தில் படியவைத்த அலுமினியத்துக்கு மஞ்சள் பூச்சு கொடுத்தது அது, சூடான அச்செழுத்தால் அழுத்தினால் ரெக்ஸினில் ஒட்டிக்கொள்ளும். தன் பெயரைத் தங்கத்தில் பார்த்துப் பூரித்து நிற்கிற பிள்ளையிடம் இதையெல்லாம் நான் சொல்வதில்லை. ஐந்தில் கடை ஒரு மார்க்கை இழப்பதும் இந்த எழுத்தில்தான். அச்சுக் கோக்கும் பெரியவருக்குப் பார்வை மங்கிவிட்டது, நீளமான ஆங்கிலச் சொல் வந்தால் ஒரு எழுத்து எங்கேயாவது விழுந்துவிடும். எழுத்துக் கோத்ததும் அட்டையில் அடிக்கும் முன் வெற்றுத்தாளில் ஒருமுறை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கேட்டால் காட்டுவார்கள், கேட்காவிட்டால் நேராக அட்டைதான். அடித்தபிறகு கெமிஸ்ட்ரி என்ற சொல்லில் ஒரு எழுத்து குறைகிறது என்று அழுது பயனில்லை.

கலர் பக்கங்களைப் பற்றி ஒரு வார்த்தை. காசை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிடுகிறார்கள், மின்னழுத்தத்தை மாற்றும்போது மின்னோட்டம் எப்படி மாறுகிறது என்று காட்டும் வோல்டாமோகிராமில் ஐந்து வளைகோடுகள் போட்டால், எது எந்த ஸ்கேன் ரேட் (மின்னழுத்தத்தை மாற்றும் வேகம்) என்று கடவுளுக்கே தெரியாது. கடைக்காரருக்கு எலெக்ட்ரோடும் தெரியாது எலெக்ட்ரோலைட்டும் தெரியாது. ஆனால் “இந்தப் படத்தில் சிவப்புக் கோடு, பச்சைக் கோடு என்று கீழே எழுதியிருக்கே தம்பி, கலர் இல்லாமல் எப்படிப் புரியும்” என்று என் மாணவன் ஒருவனிடம் கேட்டார். வழிகாட்டியாகிய நானும் ஆய்வுக்குழுவும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட தீசிஸ் அது.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதி மாறினால் இந்தக் கடையின் கல்லாவில் தெரியும். 2016 விதிப்படி தீசிஸ் கொடுக்கும் முன் ஒரு ஜர்னல் கட்டுரையும் இரண்டு கருத்தரங்கக் கட்டுரையும் கட்டாயமாக இருந்தது. 2022 விதி அந்தக் கட்டாயத்தை எடுத்தது, கூடவே பிஎச்.டி.க்கு முந்தைய ஆராய்ச்சிப் பட்டமான எம்.ஃபில்.லையும் நிறுத்தியது. எம்.ஃபில். இருந்தவரை வருஷா வருஷம் அந்தச் சின்னச் சின்ன ஆய்வேடுகள் திண்ணை முழுக்க அடுக்கிக் கிடக்கும், இப்போது அந்த வரும்படி சுத்தமாக இல்லை என்றார் கடைக்காரர். அவருக்குப் போனது வரும்படி, எனக்குப் போனது வேறு. கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்ட வீட்டிலிருந்து ஒரே ஒரு வருஷம் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து எம்.ஃபில். செய்த பெண் பிள்ளைகள் எங்கள் லேபில் எத்தனையோ பேர். சோதனை தோற்றால் என்ன செய்வது என்று அந்த ஒரு வருஷத்தில் கற்றுக்கொண்டார்கள். இப்போது அதைப் பிஎச்.டி.யின் இரண்டாம் வருஷத்தில்தான் கற்கிறார்கள், அதுவும் பலர் ஊக்கத்தொகை இல்லாமல். ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி ஊக்கத்தொகை வாங்கினால் மாதம் 37,000 ரூபாய், வாங்காதவர்களுக்கு வீட்டுப் பணம்தான். அப்படிப்பட்டவர்களிடம் இவர் முழுத் தொகையும் உடனே கேட்பதில்லை, வைவா முடிந்து கொடுங்கள் என்பார். கொடுக்காமல் போனவர்களும் உண்டாம், பெயர் சொல்ல மாட்டேன் என்று சிரித்தார்.

இன்னொன்றுக்காகவும் இவரைப் பாராட்ட வேண்டும். 2018-இல் வந்த யுஜிசி விதிப்படி மற்றவர் எழுத்தோடு ஒப்புமை பத்து சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, தாண்டினால் திருத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும், அறுபதையும் தாண்டினால் பதிவே ரத்தாகும். இதை வைத்து ஊருக்கு ஊர் ஒரு தொழிலே கிளம்பியிருக்கிறது, சதவீதத்தைக் குறைத்துத் தருகிறோம் என்று டிடிபி கடைகள் சில வாசலிலேயே எழுதி வைத்திருக்கின்றன. குறைத்துத் தருவது என்றால் சொற்களை மட்டும் மாற்றிப் போடுவது. உலோக அரிப்பைக் குறிக்கும் கரோஷன் என்று இருந்த இடத்தில் அழுகல் என்று பொருள்படும் ஏதோ ஒரு சொல்லோடு ஒரு அத்தியாயம் என் மேசைக்கு வந்தது, எங்கே கொடுத்தாய் என்று நான் கேட்கக்கூட இல்லை. இந்தக் கடையில் அந்த வியாபாரம் கிடையாது.

சரி, ஐந்து மார்க் வாங்கிய சரக்குக்கு வருகிறேன். லேப் நோட்டு. இதற்காகத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

நம் பிள்ளைகள் அளவீட்டை எதில் எழுதுகிறார்கள்? உதிரித் தாளில், ஃபில்டர் பேப்பர் டப்பாவின் மேல், உள்ளங்கையில். அப்புறம் ஒருநாள் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள், ஏற்றும்போது ஒத்துவராத புள்ளி காணாமல் போய்விடும். ஏமாற்ற வேண்டும் என்று யாரும் செய்வதில்லை, அது ஏதோ கனெக்‌ஷன் லூசாக இருந்திருக்கும் மேடம் என்பார்கள், சில சமயம் உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தப் புள்ளி நோட்டில் இருந்தால்தானே லூசு கனெக்‌ஷனா புதுச் சேதியா என்று பிறகு பார்க்க முடியும். ஸ்பைரல் நோட்டு கொடுத்துப் பார்த்தேன், தாள் கிழித்தால் தடமே தெரியவில்லை. கடைக்காரரிடம் இதைப் புலம்பியபோது எழுந்து போய்ப் பரணிலிருந்து அவர் அப்பா கட்டிய பழைய பேரேடு ஒன்றை எடுத்து வந்து காட்டினார்.

தாள்களை மடித்து மடிப்பின் நடுவில் தைத்த புத்தகம் அது. ஒரு தாளைக் கிழித்தால் மடிப்பின் மறுபக்கத்துத் தாள் பிடி இல்லாமல் ஆடும், கிழித்தவன் மாட்டிக்கொள்வான். ஒவ்வொரு பக்கத்துக்கும் எண். தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், சுரண்டக் கூடாது, மேலேயே எழுதக் கூடாது. கணக்குப்பிள்ளைக்கு முதலாளி போட்ட சட்டமும் ஆராய்ச்சி நோட்டுக்கு உலகம் முழுக்க லேபில் சொல்கிற சட்டமும் அச்சாக ஒன்றுதான்! வெளிநாட்டுக் கம்பெனி லேப் நோட்டு என்று விற்பதன் விலையைப் பார்த்து நான் மயங்கிக் கிடந்தபோது, சந்துக்குள் பரணில் அது தூசி தட்டாமல் இருந்திருக்கிறது.

அதே மாதிரி கட்டித் தரச் சொன்னேன். கெட்டியான லெட்ஜர் பேப்பர், இடப்பக்கம் கிராஃப், வலப்பக்கம் கோடு, பக்க எண் இயந்திரத்தில் அடித்தது, மேசையில் விரித்தால் தட்டையாகக் கிடக்கும், கையால் பிடிக்க வேண்டாம். காலிக்கோ துணி அட்டைதான் கேளுங்கள். பிளாஸ்டிக் கலந்த ரெக்ஸின் வேண்டாம், நம் ஊர் வெயிலில் அதிலிருக்கும் பிளாஸ்டிக்கை வளைய வைக்கும் மென்மையாக்கி கசிந்து, ஒட்டிவைத்த லேசர் பிரிண்டின் டோனரை இளக்கி அட்டையோடு ஒட்டவைத்துவிடும். டோனரும் பிளாஸ்டிக் பொடிதானே. எழுத சாதாரண பால்பாயிண்ட் போதும், ஜெல் பேனா மை பலவும் தண்ணீர் பட்டால் ஓடிவிடும்.

இந்த நோட்டு வந்தபிறகு என் லேபில் ஒன்று மாறியது. சனிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் நோட்டை விரித்து வைத்துக்கொண்டு பேசுகிறோம், ஒத்துவராத புள்ளியிலிருந்துதான் பேச்சு தொடங்கும். வாரத்தில் நான் விஞ்ஞானியாக இருக்கிற நேரம் பெரும்பாலும் அதுதான். மீதி நேரம் வகுப்பு, விடைத்தாள், கூட்டம், மார்ச் வந்தால் திட்டப் பணத்துக்குச் செலவுச் சான்று, அதற்கு மேல் கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் அமைப்புக்கான கோப்பு. ஒவ்வொரு கிரைட்டீரியனுக்கும் ஆதாரம், மரம் நட்டதற்கு ஜியோடேக் போட்ட புகைப்படம். இந்தக் கடையில் பேராசிரியர்கள் இரவு பத்து மணிக்கு ஸ்பைரல் போட வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். குழு வந்து போனதும் அந்தக் கோப்புகளை யாரும் திறப்பதில்லை. கடைக்காரருக்கு அதில் நல்ல லாபம், ஆனால் அந்த வேலையில் கை போவதில்லை என்கிறார், இயந்திரத்தில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

பக்கத்துக் கோட்டையூரில் பிறந்த அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்துத்தான் செக்ரி வந்தது, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்தது. இது எல்லோரும் மேடையில் சொல்வார்கள். அதே கோட்டையூரில் இருந்துகொண்டு பழைய புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ் என்று அச்சடித்த தாளையெல்லாம் சேர்த்த ரோஜா முத்தையாவைக் கடைக்காரர்தான் அடிக்கடி பேச்சில் இழுப்பார். அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது, 1994 முதல் அது சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. “அவர் இருந்தால் உங்க நாக் ஃபைலைச் சேர்த்திருப்பாரா மேடம்?” என்று கேட்டார். சேர்த்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன், மனிதர் எதையும் ஒதுக்கியவர் மாதிரி தெரியவில்லை. ஆனால் முதலில் எடுத்திருப்பது லேப் நோட்டாகத்தான் இருக்கும்.

மற்றபடி போகிறவர்கள் கவனிக்க: ஃபைலை பிடிஎஃப் ஆக மட்டும் கொண்டு போங்கள். வேர்டில் கொண்டு போனால் சமன்பாடெல்லாம் கட்டம் கட்டமாக வரும், தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்குப் பாமினி எழுத்துரு இல்லாமல் மொத்தமும் குழம்பும். அங்கே சொருகிய பென் டிரைவைத் திரும்ப உங்கள் லேப்டாப்பில் போடுமுன் வைரஸ் பார்த்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பென் டிரைவ் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான் நுழைகிறது. ஹார்டு பைண்டிங் பிரதிக்கு 300 ரூபாய்க்குப் பக்கம் ஆகும், மற்ற கடைகளைவிடக் கொஞ்சம் கூடத்தான், பேரம் பேசினால் குறைக்க மாட்டார். லேப் நோட்டு முன்கூட்டிச் சொன்னால்தான் கிடைக்கும், குறைந்தது பத்துக்கு ஆர்டர் இருந்தால்தான் தாள் வெட்டுவார், அதனால் துறையில் நாலு பேர் சேர்ந்துகொள்ளுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்று போகாதீர்கள், ஜெனரேட்டர் இல்லை. மார்ச்சில் போகவே வேண்டாம், அந்த மாதம் எங்கள் கூட்டம்.