மழைமானி: ஆறு மழைக்காலத்துக்குப் பிறகு

போன வாரம் சகலை போனில் கேட்டார். "அந்த மழை அளக்குற குழாயை நானும் ஒண்ணு வாங்கட்டுமா?" அவர் வீடு அழகர்மலை அடிவாரத்தில். என் ஊர் அதற்குக் கீழே, மேலூர்ப் பக்கம், கண்மாய்க் கரைக்கு நேர் பின்னால். 'வேண்டவே வேண்டாம்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அன்று காலையில்தான் புனலுக்குள் குளவி கட்டிய மண்கூட்டை ஈர்க்குச்சியால் குடைந்து எடுத்திருந்தேன். இந்த வருஷத்தில் மூன்றாவது கூடு.

சாதாரண பிளாஸ்டிக் மானிதான். உள்குழாய் 25 மி.மீ. வரை பிடிக்கும். அதற்கு மேல் பெய்தால் வெளி உருளையில் வழியும். அதை உள்குழாயில் ஊற்றி ஊற்றிக் கூட்ட வேண்டும். ஐப்பசி அடைமழையில் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு ஊற்றும்போது 'இது மூணாவதா, நாலாவதா?' என்று கணக்கு விட்டுப்போகும் பாருங்கள், அப்போது வருகிற ஆத்திரம்! அளவுக் கோடுகளோ இரண்டே கோடையில் அழிந்துவிட்டன. கத்தி முனையைச் சுட வைத்து நானே கீறிக்கொண்டேன். முதலில் மொட்டைமாடியில் வைத்ததும் தப்பு. அங்கே காற்று அடிக்கிற அடியில் அளவு குறைத்துத்தான் காட்டும். இப்போது களத்தில் நிற்கிறது.

ஆனாலும் நன்றி மறக்கக் கூடாது. சித்தப்பா 'ஒரு உழவு மழை' என்பார், அதாவது ஒரு தடவை உழுகிற அளவுக்கு ஈரம். போய்ப் பார்த்தால் 20-க்கும் 30-க்கும் நடுவில் நிற்கும். மனுஷன் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. காலை 8.30-க்கு அளப்பதோடு, மழை பிடித்த நேரம், விட்ட நேரம் இரண்டையும் நோட்டில் எழுதுகிறேன். வானிலைக் கணக்கில் ஒரு நாளைக்கு 64.5 மி.மீ. தொட்டால்தான் கனமழை. ஆனால் 50 மி.மீ. ராத்திரி முழுக்கப் பெய்தால் வயல் குடித்துவிடும். அதுவே முக்கால் மணி நேரத்தில் கொட்டினால் தெரு ஓடையாகிவிடும். 2024 அக்டோபர் 25-ல் மதுரை செல்லூர்ப் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததும் அப்படிக் கொட்டிய மழையில்தான்.

என் கோபம் வேறு. மூன்றாம் வருஷம் கார்த்திகையில் ஒரு காலை, மானியில் 11 மி.மீ. நோட்டில் 'பயமில்லை' என்று எழுதிவிட்டு டீக்கடைக்குப் போனேன். திரும்புவதற்குள் கலுங்கில், அதாவது கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிகிற இடத்தில், மறுகால் பாய்கிறது. கண்மாய் ஏற்கெனவே நிறைந்து நின்றது. ராத்திரி மலையில் பெய்தது எனக்குத் தெரியாது. கரையின் வெளிச்சரிவில் ஒரு நண்டு வளையிலிருந்து விரல் தடிமனுக்குத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மடை பார்க்கிற பெரியவர் அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "தெளிஞ்சு வந்தா கசிவு. கலங்கி வந்தா கரையை அரிக்குதுன்னு அர்த்தம்." கலங்கித்தான் இருந்தது. சாயங்காலம் வரை மண்மூட்டை சுமந்தோம். கரை தப்பியது, என் முதுகு தப்பவில்லை.

என் களத்தில் விழுந்ததை இது பைசா சுத்தமாகச் சொல்கிறது. என் தலையில் வந்து விழப்போவதைச் சொல்லத் துப்பில்லை. அன்றிலிருந்து நோட்டில் இரண்டு பத்தி கூடுதல்: கலுங்குக்கு இன்னும் எத்தனை சாண் பாக்கி, மலைப்பக்கம் மின்னியதா இல்லையா. மானி காட்டுகிற அளவை இப்போது கடைசியாகத்தான் பார்க்கிறேன்.

அதனால் சகலையிடம் உள்ளதைச் சொன்னேன். "உங்களுக்கு அது தண்டச் செலவு. நீங்க மேட்டுல இருக்கீங்க, வெள்ளம் உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆனா வாங்குங்க. பாதிக் காசு நான் தர்றேன். ராத்திரி மழை பிடிச்சா எத்தனை மணியானாலும் அளந்து எனக்கு வாட்ஸப்ல போட்டுடுங்க."

"ராத்திரி ரெண்டு மணிக்குமா?" என்றார்.

ரெண்டு மணிக்கும்தான். குளவியைப் பற்றி இன்னும் அவரிடம் சொல்லவில்லை.