பிளாட்ஹெட் கெளுத்திக்குச் செய்த தூண்டில் செட் களனிக்கும் பொல்கொடைக்கும் சரிவருமா?

கொழும்பில் தூண்டில் சாமான் விற்கும் கடைகளிலும் இணையக் கடைகளிலும் ‘கேட்பிஷ் கொம்போ’ என்ற பெயரில் ஒரு வகை செட் கிடைக்கிறது. பிராண்ட் எதுவானாலும் உள்ளடக்கம் ஏறக்குறைய ஒன்றுதான்: 7 அடி முதல் 8 அடி வரையான ஹெவி அல்லது மீடியம் ஹெவி றொட், 6000 முதல் 8000 வரை இலக்கமிட்ட பெயிட்ஃபீடர் றீல், அதில் முன்கூட்டியே சுற்றிய தங்கூசி (ஒற்றை நைலோன் இழை), 8/0 அளவு சேர்க்கிள் முட்கள், சில ஈயக்குண்டுகள். எங்கள் தீர்ப்பு இது: றீலுக்காக வாங்கலாம். தங்கூசியையும் முட்களையும் முதல் நாளே மாற்ற வேண்டும். றொட்டை மட்டும் இலக்கங்களைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

இந்த செட் யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்தால் குறைநிறை இரண்டும் விளங்கும். பிளாட்ஹெட் கெளுத்தி மிசிசிப்பி ஆற்றுப் படுகைக்குரிய மீன். தட்டைத் தலை, முன்தள்ளிய கீழ்த்தாடை. பகலில் விழுந்து கிடக்கும் மரங்களுக்கடியில் படுத்திருந்து இரவில் உயிர் மீனை வேட்டையாடும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் எல்க் சிட்டி நீர்த்தேக்கத்தில் 1998 இல் பிடிபட்ட 123 பவுண் மீன், அதாவது கிட்டத்தட்ட 56 கிலோ, அதன் உலகச் சாதனை. அப்படிப்பட்ட மீனை மரக்குவியலிலிருந்து முரட்டுத்தனமாக இழுத்தெடுக்கவே இந்த றொட்டும் முள்ளும். நம் பக்கம் பிளாட்ஹெட் கிடையாது. களனி கங்கையில் ஆற்று வாளையும், சேற்று வாய்க்கால்களில் சுங்கானும் மகுராவும், பொல்கொட போன்ற உவர்நீரில் கெளுத்தியும் கொடுவாவும்தான் இதே அடித்தூண்டிலுக்கு வருபவை. பெரும்பாலானவை ஒரு கிலோவையும் எட்டாது. சிக்கல் இந்த இடைவெளியில்தான்.

முதலில் றொட். கைப்பிடிக்குச் சற்று மேலே எழுதியிருக்கும் இலக்கங்களைப் படியுங்கள். எறியக்கூடிய எடை 3 முதல் 8 அவுன்ஸ் என்றிருந்தால் அது நமக்கு அளவுக்கு மீறிய விறைப்பு. 1 முதல் 4 அவுன்ஸ் (28 முதல் 112 கிராம்) என்றிருப்பது போதும். விறைப்பான றொட்டால் என்ன கெட்டுவிடும், பெரிய மீன் வந்தாலும் தாங்குமே என்று விற்பவர் சொல்வார். கெடுவது சேர்க்கிள் முள்ளின் வேலை. அந்த முள் குத்தி ஏறுவதில்லை. மீன் இரையோடு திரும்பி நகரும்போது கயிறு மெல்ல இறுகி, முள் வாயோரத்துக்கு வழுக்கி வந்து அங்கே சுழன்று பிடிக்கிறது. அதற்கு நுனி நிதானமாக வளைந்து கொடுக்க வேண்டும். அரைக்கிலோ கெளுத்தி இழுத்தும் அசையாத நுனியில், மீன் திடீரென ஒரு கட்டையோடு கட்டப்பட்டதுபோல் உணர்ந்து இரையைத் துப்பிவிடும். ‘கொத்துது, மாட்டுதில்லை’ என்ற புலம்பலில் பெரும்பங்கு முள்ளின் தவறல்ல, நுனியின் தவறு.

இந்தக் காரணத்தால்தான் கண்ணாடி நார் கலந்த றொட்டுகளை நாங்கள் விரும்புகிறோம். 1976 முதல் வரும் அக்லி ஸ்டிக் வரிசை இதற்கு நல்ல உதாரணம்: கிராஃபைட்டும் கண்ணாடி நாரும் கலந்த உடல், நுனியில் திண்மமான கண்ணாடி நார். ஜிஎக்ஸ்2 மாதிரியில் வளையங்கள் ஒரே ஸ்டெயின்லெஸ் துண்டால் ஆனவை. உள்ளே செராமிக் இல்லாததால் கழன்று விழ ஒன்றுமில்லை. பாரம் அதிகம், நாள் முழுக்கக் கையில் பிடித்து லூர் (செயற்கை இரை) எறிய ஆகாது. தாங்கியில் குத்திவைத்துக் காத்திருக்கும் மீன்பிடிக்குப் பாரம் ஒரு குறையே இல்லை. செராமிக் வளையமுள்ள றொட் என்றால் கடையிலேயே ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் கொஞ்சம் பஞ்சைச் சுழற்றிப் பாருங்கள். வெடிப்பு இருந்தால் பஞ்சு நாரில் சிக்கும். அந்த வெடிப்புதான் பிறகு பிரெய்ட் கயிற்றை, அதாவது பல இழை பின்னிய கயிற்றை, இரவோடிரவாக அறுக்கும்.

நீளத்தில் 7 அடிக்கு மேல் வேண்டாம். களனியின் கடுவெல, ஹங்வெல்லப் பக்கக் கரைகளில் தலைக்கு மேல் மூங்கிலும் மரமும். பக்கவாட்டில் வீசத்தான் இடமிருக்கும்.

றீலுக்கு வருவோம். செட்டின் பெறுமதி இதில்தான் இருக்கிறது. பெயிட்ஃபீடர் என்றால் பின்பக்கத்தில் ஒரு நெம்புகோலும் தனி இறுக்கத் திருகும் உள்ள றீல். ஷிமானோ ‘பெயிட்றன்னர்’ என்றும் பென் ‘லைவ் லைனர்’ என்றும் அழைப்பது இதையே. நெம்புகோலைத் தள்ளினால் கயிறு சுற்றியிருக்கும் ஸ்பூல் மெல்லிய இறுக்கத்தில் சுழலும். மீன் இரையைக் கவ்விக்கொண்டு ஓடலாம், றொட் ஆற்றுக்குள் போகாது. கைப்பிடியைச் சுற்றியதும் முன் டிராக் (கயிறு ஓடுவதைத் தடுக்கும் முதன்மை இறுக்கம்) பூட்டிக்கொள்ளும்.

பின் இறுக்கத்தை எவ்வளவு வைப்பது? பொல்கொடவின் அசையாத நீரில், விரலால் இழுத்தால் தடங்கலின்றி வரும் அளவு, ஏறத்தாழ 200 முதல் 300 கிராம் இழுவை. களனியில் மழைக்குப் பிறகு ஆகாயத்தாமரைத் திட்டுகள் மிதந்து வந்து கயிற்றில் தொங்கும். அப்போது கொஞ்சம் கூட்டாவிட்டால் ஸ்பூல் தானாக ஓடும், மீனா செடியா என்று புரியாது. முன் டிராக்கைக் கையால் மதிப்பிட வேண்டாம். ஒரு கைத்தராசைக் கயிற்று நுனியில் கொளுவி, றொட்டை 45 பாகையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். கயிற்றுத் தொகுதியில் மிகப் பலவீனமான பகுதியின் பலத்தில் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை சரி: 20 பவுண் (9 கிலோ) என்றால் 2¼ முதல் 3 கிலோ. புது றீல்கள் பெரும்பாலும் டிராக்கை முழுக்க இறுக்கியோ முழுக்கத் தளர்த்தியோ வரும். முழுக்க இறுக்கிய நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் மீன்மேல் கைப்பிடியைச் சுற்றினால் அந்த நொடியிலேயே முடிச்சு அறுந்துவிடும்.

‘12 போல் பெயரிங்’ என்ற பெட்டி வாசகத்துக்குக் காசு கொடுக்காதீர்கள். தரமான 4 அல்லது 5 போதும். கவனிக்க வேண்டியவை வேறு: டிராக் தட்டு கம்பளியா கார்பனா (உவர்நீருக்குக் கார்பன்), கைப்பிடி நேரடியாகத் திருகிப் பூட்டுகிறதா அல்லது மடித்துத் திருகாணியால் இறுக்குவதா (முன்னதில் ஆட்டம் குறைவு), கயிறு திரும்பும் உருளை உண்மையில் உருளுகிறதா. உருளை சிக்கிக்கொண்டால் பிரெய்ட் அதில் பள்ளம் வெட்டும், பள்ளம் பிறகு பிரெய்ட்டை வெட்டும். பிரபல பிராண்டுகளுக்குப் போலிகள் இருப்பதால் பெட்டி, றீலின் கால், ஸ்பூல் மூன்றிலும் மாதிரி எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பார்க்கவும்.

அமெரிக்கர்கள் பிளாட்ஹெட்டுக்கு அதிகம் நம்புவது அபு கார்சியா அம்பாசடர் போன்ற வட்ட பெயிட்காஸ்டர்களை (ஸ்பூலைக் கட்டைவிரலால் கட்டுப்படுத்தி எறியும் றீல்களை). நல்ல யந்திரம். ஆனால் இருட்டில், பழகாத கட்டைவிரலில், கயிறு குருவிக்கூடாகிவிடும். முதல் செட்டுக்கு வேண்டாம்.

முன்கூட்டியே சுற்றி வரும் தங்கூசியைக் கழற்றி எறியுங்கள், ஆற்றில் அல்ல, குப்பையில். கடை அலமாரியில் மாதக்கணக்கில் இருந்து சுருள் பழகிய தங்கூசி, எறியும்போது கொத்தாகக் கழரும். பதிலாக 30 பவுண் பிரெய்ட். இதன் தடிப்பு 8 பவுண் தங்கூசி அளவே. பிரெய்ட் வழுவழுப்பான ஸ்பூலில் வழுக்கும் என்பதால் அடியில் 5 முதல் 10 மீற்றர் தங்கூசி சுற்றி அதன்மேல் பிரெய்ட் சுற்றவும், விளிம்புக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர் குறைய நிறுத்தவும். களனி அடித்தளத்தில் கல்லும் கட்டட உடைசல்களும் உண்டு. இழுவிசையில் நிற்கும் பிரெய்ட் கல்லில் ஒருமுறை உரசினாலே போயிற்று. ஆகவே முன்னால் 5 மீற்றர் 40 பவுண் தங்கூசி சேருங்கள். இரட்டை யூனி முடிச்சு போதும்: பிரெய்ட் பக்கம் 8 சுற்று, தங்கூசி பக்கம் 5 சுற்று, நனைத்து மெதுவாக இறுக்குவது. உலர்ந்து இறுக்கினால் சூட்டிலேயே தங்கூசி பலமிழக்கும்.

அதன் கீழே கோர்வை இப்படி: ஓடும் ஈயம், ஒரு பிளாஸ்டிக் மணி, சுவிவல் (கயிறு முறுகாமல் சுழலும் இணைப்பு), பிறகு 30 முதல் 45 சென்ரிமீற்றர் லீடர் (முள்ளைக் கட்டும் முன்கயிறு), முள். மணி இல்லாவிட்டால் ஈயம் முடிச்சை அடித்தே நைத்துவிடும். ஓட்டத்தில் தட்டை ஈயம் 3 அவுன்ஸ். உருண்டை ஈயம் உருண்டு கரைக்கே வந்துசேரும். பொல்கொடவில் 1 அவுன்ஸ் முட்டை வடிவ ஈயம் தாராளம். அங்கே அடியில் கிடக்கும் இரையை நண்டு கால்மணி நேரத்தில் தின்றுவிடும். லீடரின் நடுவில் ஒரு சிறு மிதப்பைச் செருகி இரையை 20 முதல் 30 சென்ரிமீற்றர் உயர்த்தினால் தப்பும். கொடுவாவின் செவிள் மூடி கத்திபோல் இருப்பதால் லீடர் 40 பவுணுக்குக் குறையக்கூடாது.

செட்டில் வரும் 8/0 முள், கைப்பிடியளவு உயிர் மீனை விழுங்கும் வாய்க்கானது. வாளைக்கும் கொடுவாவுக்கும் 3/0 முதல் 5/0, கெளுத்திக்கு 1/0 அல்லது அதற்கும் சிறிது. இரை 10 சென்ரிமீற்றர் திலாப்பியா என்றால் முதுகுச் செட்டைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு மேலே, தோலோடு ஒட்டிக் கோர்க்கவும். ஆழமாகக் கோர்த்தால் மீன் செத்துவிடும், முள்ளின் வாயும் (முனைக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட வெளி) அடைந்துவிடும். வாய் அடைந்த சேர்க்கிள் முள் எதையும் பிடிக்காது. கொத்து வந்ததும் றொட்டை வெட்டி இழுக்கும் பழக்கத்தை விடுங்கள். நெம்புகோலை விடுவித்து, நிதானமாகச் சுற்றி, பாரம் ஏறிய பின்பே தூக்க வேண்டும். இரை மீனை ஒரு நீர்நிலையில் பிடித்து இன்னொன்றில் விடவும் கூடாது. மொசாம்பிக் திலாப்பியா இங்கே கொண்டுவரப்பட்டதே 1952 இல்தான், இன்று அது இல்லாத குளமில்லை.

செட்டோடு சில வேளை வரும் கிளிப் மணி, முதல் எறியிலேயே தண்ணீருக்குள் போய்விடும். எறிந்த பிறகு மாட்டவும், அல்லது 4.5×37 மில்லிமீற்றர் ஒளிக்குச்சியை நுனியில் ஒட்டவும். வலை வாங்கினால் றப்பர் பூசியதாக வாங்குங்கள். சாதாரண நைலோன் வலையில் கெளுத்தியின் முட்செட்டை சிக்கினால் பிரித்தெடுக்க ஒரு யுகம் ஆகும். முதுகு முள்ளையும் இரு பக்க முட்களையும் அது நிமிர்த்திப் பூட்டிக்கொள்ளும். பக்க முட்களின் பின்னால் விரல்களைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். சுங்கானின் பக்க முள்ளில் நஞ்சு உண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் நீரில், 30 முதல் 90 நிமிடம் வரை கையை வைத்திருந்தால் வலி குறையும். முள் உள்ளே முறிந்திருந்தாலோ வீக்கம் ஏறினாலோ வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இடம் பற்றிச் சுருக்கமாக. பெல்லன்வில–அத்திடிய 1990 முதல் சரணாலயம், அங்கே எறிய வேண்டாம். வெரஸ் கங்கையிலும் பொல்கொடவிலும் முதலை உண்டு. சிக்கிய ஈயத்தை எடுக்க இடுப்பளவு நீரில் இறங்குவது மடமை. கால் புண்ணோடு தேங்கு நீரில் நிற்பது எலிக்காய்ச்சலை விலைக்கு வாங்குவது. ஆற்று வாளை உலகளவிலேயே அருகிவரும் மீன் என்பதால், சேர்க்கிள் முள் வாயோரத்தில் நிற்கும் வசதியைப் பயன்படுத்தி நீரிலேயே கழற்றி விட்டுவிடுங்கள்.

பொல்கொடவிலிருந்து திரும்பிய இரவே றீலைக் கழுவ வேண்டும், உப்பு காய்ந்த பிறகு கழுவிப் பயனில்லை. முன் டிராக்கை முதலில் இறுக்குங்கள், இல்லையேல் நீர் தட்டுகளுக்குள் போகும். குழாயை மெல்லத் திறந்து மேலிருந்து ஓடவிடவும். வேகமாகப் பீச்சினால் வெளியே உள்ள உப்பு பெயரிங்குக்குள் தள்ளப்படும். துடைத்து, உருளைக்கும் கைப்பிடி மூட்டுக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, டிராக்கை முழுவதும் தளர்த்தி வைக்கவும். இறுக்கியபடி மாதக்கணக்கில் கிடந்தால் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை டிராக் வழுக்காமல் விட்டுவிட்டுத் துள்ளும்.