புது அல்பத்துக்கு நாதஸ்வரம்: ஆளா, கீபோர்டா?

இரண்டாவது அல்பத்தில் சத்தத்தை விரிக்க நினைக்கிற யாழ்ப்பாணத்து றொக் பெடியளுக்கு நாதஸ்வரமும் தவிலும்தான் முதலில் ஞாபகம் வரும். கலைஞர்களைக் கூப்பிடுவதா, கீபோர்டிலேயே முடித்துவிடுவதா?

செலவு: கீபோர்டுக்கு ஒருமுறை காசு. கலைஞர்களுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் சன்மானம், ஓட்டோ, சாப்பாடு.

நாள்: கீபோர்ட் நடுச்சாமத்திலும் தயார். இணுவில், அளவெட்டிப் பக்கம் மேளகாரருக்குப் பஞ்சமில்லை, தவில் மேதை தட்சணாமூர்த்தியின் ஊர்ப்பக்கம் அல்லவா, ஆனால் நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கேட்டுப் பார்க்கவே வேண்டாம்.

சுருதி: கீபோர்டில் ஒரு பட்டன். நாதஸ்வரத்தில் அது குழலோடு வருவது, வாயில் வைத்து ஊதும் சீவாளியாலும் மூச்சாலும் கொஞ்சம்தான் நகரும், அதனால் கிற்றார் கம்பியை நீங்கள்தான் ஏற்றி இறக்க வேண்டும்.

பதிவு: தவிலும் ட்ரம்ஸும் ஒரே அறையில் என்றால் எல்லா மைக்கிலும் தவில்தான் கேட்கும். தனித்தனியாகப் பதியுங்கள்.

உயிர்: இங்கேதான் கீபோர்ட் தோற்கிறது. ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிப் போகும் கமகத்தை, கீபோர்டில் சுருதியை வளைக்கும் சில்லை உருட்டிக் கொண்டுவரப் பார்த்தால் பொம்மைச் சத்தம்தான் வரும். தவிலில் வலக்கை விரல்களில் மாட்டும் கூடும் இடக்கைக் கழியும் போடும் அடிகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது, கீபோர்டில் பதிந்துவைத்த அடியோ திரும்பத் திரும்ப அதே அடி.

டெமோவுக்கும், பின்னணியில் இரண்டு வரி நிரப்பவும் கீபோர்ட் போதும். பாட்டின் நடுவில் தனி ஆவர்த்தனம், அதாவது தவிலின் சோலோ, வைக்கிற எண்ணமென்றால் கலைஞர்களையே கூப்பிடுங்கள், கிற்றார் சோலோவைக் குறைத்தாவது.