பாதி டின் லின்சீட் ஆயில்: ஆறு வருட அனுபவம்

2019-ல் புத்தக அலமாரிக்குப் பூச டபுள் பாய்ல்டு லின்சீட் ஆயில் (மரச்சாமானுக்குப் பூசும் ஆளி விதை எண்ணெய்) ஒரு லிட்டர் டின் இரண்டு வாங்கினேன். ஒன்றில் பாதிதான் செலவானது. மூடியை இறுக்கி லாஃப்ட்டில் வைத்தேன், மறந்தும் போனேன்.

2022-ல் தேக்கு முக்காலி ஒன்றுக்காக அதை இறக்கித் திறந்தால், ஆறிப்போன பாயசம் மாதிரி மேலே தடியாக ஆடை, அடியில் தேன் பதத்தில் எண்ணெய். ஆடையைக் கிழித்தெடுத்து, பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பூசிவிட்டேன். நான்கு நாளாகியும் பிசுபிசுப்பு போகவில்லை, யாரோ மேலே வைத்த பேப்பர் ஒட்டிக்கொண்டு தலைப்புச் செய்தி தலைகீழாக முக்காலியில் அச்சாகிவிட்டது. டர்பென்டைன் ஊற்றிச் சுரண்டியதில் ஒரு ஞாயிறு போச்சு.

அன்றைக்கே சீல் உடைக்காத இன்னொரு டின்னைத் திறந்தேன், அதே நாளில் வாங்கியதுதான், புதுசு போலவே இருந்தது. பூசிய மறுநாளே காய்ந்தும் விட்டது. ஆக, வில்லன் டின்னுக்குள் இருந்த காற்று. இந்த எண்ணெய் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகுகிறது, மரத்தில் நடப்பதே பாதி காலி டின்னிலும் நடக்கும். சீக்கிரம் காய மருந்து சேர்த்திருப்பதால் பாய்ல்டு ரகத்தில் இது இன்னும் வேகம். மருந்து சேர்க்காத பச்சை லின்சீட் ரொம்ப நாள் தாங்கும், ஆனால் மரத்தில் காய வாரக்கணக்கு. மரத்துக்குப் பூசும் இன்னொரு எண்ணெயான டங் ஆயிலும் இதே ஜாதிதான். காய்கறிப் பலகைக்குப் பூசும் மினரல் ஆயில் காயவே காயாது, அதற்கு இந்தக் கவலையே இல்லை.

இப்போதெல்லாம் டின் திறந்த அன்றே சின்னக் கண்ணாடி பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றி, தேதி எழுதி, கீழ் அலமாரியில் வைத்துவிடுகிறேன் (லாஃப்ட் வெயிலில் வேகும்). எண்ணெய் குறையக் குறையக் கோலிக்குண்டு போட்டு மட்டத்தை ஏற்றுவேன், ஈரமில்லாத குண்டாக இருக்கவேண்டும். 2022-ல் ஊற்றியதில் கடைசி பாட்டில் இன்னும் நன்றாகவே ஓடுகிறது. சந்தேகம் வந்தால் கண்ணாடித் துண்டில் லேசாகத் தடவி வைப்பேன், இரண்டு நாளில் காயாவிட்டால் அதை மரத்துப் பக்கமே கொண்டுபோவதில்லை. கெட்டியானதை டர்பென்டைன் விட்டு இளக்கலாம் என்பார்கள். இளகும், ஒழுங்காகக் காயாது.

அப்புறம், எண்ணெய் துடைத்த துணி. காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். 1991-ல் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற உயரமான அலுவலகக் கட்டடத்தில் லின்சீட் துணியிலிருந்து கிளம்பிய தீயில் மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். நான் மொட்டை மாடிக் கொடியில் தனித்தனியாக விரித்துப் போடுகிறேன். துவைத்த துணி அந்தக் கொடிப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.