ஏழாம் பார்வையா, எதிர்நிலையா?

ஜாதகத்தில் இரண்டு கிரகங்கள் நேரெதிரே நின்றால் நம்மூர் ஜோதிடர் ஒன்று சொல்வார், மேற்கத்திய ஜோதிடர் வேறொன்று சொல்வார்.

நம் முறையில் சூரியன் முதல் சனி வரை எல்லாருக்கும் ஏழாம் பார்வை உண்டு, அதாவது தான் நிற்கும் ராசியிலிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் எதிர் ராசியைப் பார்ப்பது. செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 என்பதெல்லாம் கூடுதல். கணக்கு ராசிக்கு ராசி. மேற்கத்திய முறையில் பாகைதான் கணக்கு: எதிர்நிலை என்றால் 180 பாகை இடைவெளி, பெரும்பாலும் 8 பாகை வரை முன்பின் இருக்கலாம். ஒரு கிரகம் மேஷத்தில் 28 பாகையிலும் இன்னொன்று துலாத்தில் 3 பாகையிலும் இருந்தால் இடைவெளி 155 பாகைதான். நமக்கு அது ஏழாம் பார்வை, அவர்களுக்கு எதிர்நிலையே இல்லை.

பலனில்தான் பெரிய வித்தியாசம். சித்ரா பௌர்ணமியை எடுத்துக்கொள்ளுங்கள். மேஷத்தில் உச்சம் பெற்ற சூரியன், எதிரே முழு நிலவு. நம்மவர்கள் இதைப் பட்ச பலம் (வளர்பிறையால் வரும் வலிமை) நிறைந்த சுப சந்திரன் என்பார்கள். மேற்கத்தியர்கள் அதையே மன உறுதிக்கும் உணர்ச்சிக்கும் இடையிலான இழுபறி என்று படிப்பார்கள். குரு சந்திரனுக்கு ஏழில் நின்றால் நமக்குக் கஜகேசரி யோகம் என்ற நல்ல அமைப்பு, அங்கேயோ உணர்ச்சி அளவு மீறும் என்ற எச்சரிக்கை.

பார்ப்பது யார் என்று கேட்கும் நம் முறையே எனக்குப் பிடிக்கிறது. குரு பார்ப்பதையும் சனி பார்ப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியுமா? ஆனால் பாகையைப் பார்க்காமல் பலன் சொல்லும் அவசரம் மட்டும் வேண்டாம். அந்தக் கறார்த்தனத்தை மேற்கிலிருந்து தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.